துண்டு போட்டே பஸ்ஸை நிரப்பலாம்: சேவை மறுப்பு ஓட்டைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சின்னச் சின்ன வலைத்தளங்களையும் அவை ஓடும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. லாட்ஜ்காரர்கள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள், மார்த்தாண்டம் பக்கம் தேனும் முந்திரியும் விற்பவர்கள் என் வாடிக்கையாளர்கள். சித்ரா பௌர்ணமி நெருக்கத்தில் கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றின் தளம் ஓர் இரவில் படுத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஆளுக்கொரு சந்தேகத்தோடு போன் செய்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தளம் திறக்கவில்லை. ஹேக் ஆகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே புகுந்து பெட்டியை உடைப்பது ஒரு வேலை. யாரும் உள்ளே போக முடியாதபடி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் டாஸ் என்பார்கள். இதில் உங்கள் தகவல் எதுவும் களவு போகாது. வியாபாரம் போகும்.

இன்னொன்று. என்னிடம் வரும் "சைட்டு திறக்கல" போன்களில் நிறைய, டொமைனுக்குப் பணம் கட்ட மறந்த கேஸ்கள்தான். முதலில் அதைப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கானோர் ஒரேயடியாக வந்து மோதினால் எந்தத் தளமும் விழும். அதை ஏன் மென்பொருளின் ஓட்டை என்கிறீர்கள்?

எல்லாவற்றையும் ஓட்டை என்று சொல்வதில்லை. 2018 பிப்ரவரி 28 அன்று, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் குப்பை வந்து கொட்டியது. அவ்வளவு வந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு கிட்ஹப்பின் நிரலில் பிழை தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. மெம்கேஷ்டு என்ற மென்பொருள் ஓடிய சர்வர்கள் பல, பொது இணையத்தில் திறந்தே கிடந்தன. யார் பெயரில் சின்னக் கேள்வி வந்தாலும் அந்தப் பெயருக்குப் பெரிய பதிலை அனுப்பின. கேள்வியைவிடப் பதிலை 51,000 மடங்கு வரை பெருக்க முடிந்தது. தாக்கியவன் கிட்ஹப்பின் பெயரில் கேட்டான்; யார் கேட்டது என்று சரிபார்க்காமலே பதில் கிட்ஹப்புக்குப் போனது.

தாக்குபவருக்குப் பத்துப் பைசா செலவு, சர்வருக்குப் பத்து ரூபாய் செலவு என்று கணக்கு வருகிற இடம் எதுவோ, அதுதான் ஓட்டை. மென்பொருள் பலவீனங்களுக்கான பொதுப் பட்டியலில் இதற்கு சிடபிள்யூஇ-400 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்: கட்டுப்பாடில்லாமல் வளத்தைச் செலவழிப்பது. அதை ஒட்டிய 770 இன்னும் குறிப்பானது: வரம்பு வைக்காமல் வளத்தை ஒதுக்குவது. எனக்கு 770-தான் பிடிக்கும். பத்தில் எட்டு கதை அங்கேதான் போய் முடிகிறது.

"நெட்வொர்க் வளம் தீர்ந்துவிட்டது" என்கிறீர்கள். எங்கள் பிளான் அன்லிமிட்டெட் ஆயிற்றே?

அன்லிமிட்டெட் என்று கம்பெனிக்காரன் சொல்வது டேட்டாவை. இங்கே தீர்வது அது இல்லை.

ஒரு சர்வருக்குள் எண்ணி வைத்த பொருள்கள் நிறைய உண்டு. பாதி முடிந்த இணைப்புகளைக் குறித்துவைக்கும் வரிசை ஒன்று. இணைப்பைக் கவனிக்கும் வேலையாட்கள், அதாவது ஒர்க்கர்கள், இத்தனை பேர் என்று ஒரு கணக்கு. சர்வரை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஒரே சமயம் திறந்து வைக்கும் கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் வரம்பு. பல இடங்களில் யாரும் மாற்றாமல் 1,024 என்றே விட்டிருப்பார்கள். வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் அடையாளமாக ஒட்டும் தற்காலிக போர்ட் எண்கள்: லினக்ஸில் வழக்கமாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. ஒரு இணைப்பு முடிந்த பிறகும் அந்த எண் ஒரு நிமிடம் ஆறப்போடப்படும். அப்படியென்றால் ஒரே முகவரிக்கு நொடிக்குச் சுமார் 470 புது இணைப்புக்கு மேல் தொடர்ந்து திறக்க முடியாது. முன்னால் கேள்வியை வாங்கிக் கைமாற்றும் ஒரு ப்ராக்ஸி, பின்னால் ஒரு நிரல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு போடுகிறவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள்.

பேச்சிப்பாறை கால்வாயில் தண்ணீர் ஓடும்போதே கடைமடை காய்ந்து கிடப்பதை நம் ஊரில் பார்க்காதவர் கிடையாது. அணையில் தண்ணீர் இருக்கிறது. மடையில் எவன் எவ்வளவு எடுக்கிறான் என்பதில்தான் பிரச்சினை. சர்வரிலும் அதே கதை. டேட்டா அணை நிறைந்தே இருக்கும்.

அந்தப் பாதி முடிந்த இணைப்பு என்பது என்ன?

வடசேரி பஸ் நிலையத்தில் பஸ் வந்து நின்றதும் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டு போட்டவர் ஏறி வந்து உட்கார்ந்தால் சரி. ஏறவே இல்லை என்றால்? அடுத்தவர் துண்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பயணம் செய்வார். ஐம்பது துண்டை ஒருவரே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டால் பஸ் காலியாகவே "நிறைந்து" புறப்படும்.

இணையத்தில் டிசிபி என்ற நெறிமுறைப்படி ஓர் இணைப்பு மூன்று படியில் உருவாகிறது. வருபவர் "சின்" என்று ஒரு பாக்கெட், அதாவது சின்னத் தகவல் பொட்டலம், அனுப்புவார். சர்வர் "சரி, வா" என்று பதில் அனுப்பி, வரிசையில் ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். மூன்றாவதாக அவர் "வந்துவிட்டேன்" என்று சொன்னால்தான் இணைப்பு முழுமை. அந்த மூன்றாவது பாக்கெட்டை அனுப்பாமலே, பொய் முகவரியிலிருந்து முதல் பாக்கெட்டை மட்டும் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் சின் வெள்ளம். அத்தனையும் துண்டு.

எவ்வளவு துண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் இதன் கொடுமை தெரியும். பதில் வராவிட்டால் லினக்ஸ் வழக்கமாக ஐந்து முறை திரும்பக் கூப்பிடும். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் இரட்டிக்கும். 1, 2, 4, 8, 16, 32 என்று கூட்டினால் 63 நொடி. வரிசையில் 256 இடம், பாதுகாப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு நாலைந்து பாக்கெட் போதும். வரிசை எப்போதும் நிறைந்தே இருக்கும். ஒரு பாக்கெட் 60 பைட் என்றால், நொடிக்கு 300 பைட். பழைய டயல்-அப் மோடமே இதைவிட வேகமாக அனுப்பும்.

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணைய சேவை நிறுவனம் இப்படித்தான் நாள்கணக்கில் முடங்கியது. அந்த மாதமே கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. நெறிமுறையில் இந்தப் பலவீனம் இருப்பது அதற்கு முன்பே சிலருக்குத் தெரியும். ஆள் விழுந்த பிறகுதான் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள்.

இதற்கு மருந்து?

சின் குக்கீ. குறியாக்க நிபுணர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 1996-லேயே சொன்ன யோசனை. கண்டக்டர் இடமே ஒதுக்கமாட்டார். துண்டு போடுகிறவர் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார். அதில் அவர் முகவரி, நேரம் ஆகியவற்றிலிருந்து ரகசியக் கணக்குப் போட்டு வந்த ஓர் எண் இருக்கும். கண்டக்டர் தன் நோட்டில் எதையும் எழுதிக்கொள்ளமாட்டார். சீட்டோடு திரும்பி வந்தால் கணக்கைச் சரிபார்த்து அப்போது இடம் கொடுப்பார். வராதவனுக்காக ஒரு வரிகூட நினைவில் வைக்கத் தேவையில்லை.

லினக்ஸில் இது பல வருடமாக இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. வரிசை நிரம்பும்போது தானாகக் கைகொடுக்கும். "வேகம் கூட்டும் டிப்ஸ்" என்று எங்கோ படித்துவிட்டு அதை அணைத்து வைத்திருக்கும் சர்வர்களை நானே பார்த்திருக்கிறேன். அணைக்காதீர்கள்.

அந்த லாட்ஜ் தளத்துக்கு நடந்ததும் இதுதானா?

இல்லை, அதன் பங்காளி.

சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கூட்டம் வரும். அதற்கு முந்தின வாரம் அறைக்கு அடிபிடி. அந்த வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, சைட்டு சுத்திக்கிட்டே கெடக்கு. ஆளுவ போன் பண்ணி ஏசுதாவ."

சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். சிபியு மூன்று சதவீதம். மெமரி பாதி காலி. நெட்வொர்க்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏதோ ஓடுகிறது. இவ்வளவு ஓய்வாக ஒரு சர்வரை நான் பகலில்கூடப் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டை, அதாவது லாகைத் திறந்தால் 8:52-க்குப் பிறகு ஒரு வரி இல்லை. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டேன். யாருமே வரவில்லையா? அப்புறம்தான் உறைத்தது: பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி என்ற மென்பொருள் ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் லாகில் எழுதும். முடியாத கோரிக்கைக்கு லாகே கிடையாது.

அப்பாச்சியில் ஒரு நிலவரப் பக்கம் உண்டு. ஒவ்வொரு ஒர்க்கரும் என்ன செய்கிறார் என்று ஒவ்வோர் எழுத்தாகக் காட்டும். அதையும் திறக்க முடியவில்லை; அதைக் காட்டவும் ஓர் ஒர்க்கர் வேண்டுமே! சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கையோடு அந்தப் பக்கத்தைத் திறந்து புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். முதலில் வரிசையெல்லாம் கீழ்க்கோடு. சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தம். சில நொடியில் ஓர் 'ஆர்' எழுத்து. பிறகு ஐந்தாறு. ஒரு நிமிடத்துக்குள் பலகை முழுக்க ஆர், ஆர், ஆர் என்று 150 எழுத்தும் நிரம்பி, பக்கம் மறுபடி உறைந்தது. 'ஆர்' என்றால் "கோரிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று பொருள். 150 பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிரில் இருப்பவன் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

இணைப்புகளைப் பட்டியல் போட்டேன். எல்லாம் மூன்றே மூன்று ஐபி முகவரிகள். அதில் ஒன்றைத் தனியாகப் பிடித்து, என்ன வருகிறது என்று பார்த்தேன். பத்து நொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு வரி, கோரிக்கையின் தொடக்கத்தில் வரும் தலைப்பு வரி மாதிரி அர்த்தமில்லாத ஒன்று, வந்து விழுகிறது. கோரிக்கை முடிந்தது என்பதற்கு ஒரு வெற்று வரி வர வேண்டும். அது மட்டும் வராது.

இந்த வித்தைக்கு ஸ்லோலோரிஸ் என்று பெயர். 2009 ஜூனில் ராபர்ட் ஹேன்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். அந்தப் பெயருள்ள பிராணி நம் தேவாங்குக்குச் சொந்தக்காரன். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நகரும். பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை. 150 ஒர்க்கரைக் கட்டிப்போட நொடிக்குப் பதினைந்து வரி போதும். பேருந்தில் போகிறவன் போனிலிருந்தே செய்யலாம்.

ஏன் அந்த சர்வர் மட்டும் விழுந்தது?

முன்பு பார்த்துக்கொண்டவர் விட்டுப்போன பழைய அமைப்பு. பொறுத்திருக்கும் நேரம் 300 நொடி என்று வைத்திருந்தார். அதாவது ஐந்து நிமிடத்துக்குள் ஓர் எழுத்தாவது வந்தால் போதும், கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதற்கென்றே அப்பாச்சியில் இருக்கும் ரெக்டைம்அவுட் என்ற துணைப்பகுதியை அணைத்தும் வைத்திருந்தார். அதை இயக்கினால் தலைப்பு வரிகள் எல்லாம் 20 நொடிக்குள் வந்து சேர வேண்டும்; ஒழுங்கான வேகத்தில் வந்துகொண்டிருந்தால் 40 வரை பொறுக்கும்; அதற்கு மேல் வெட்டு.

அதை இயக்கினேன். ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு போட்டேன். அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளை வைத்தேன். அது ஒரு இணைப்புக்கு ஓர் ஆள் என்று கட்டிப்போடாமல், ஒரே ஆள் ஆயிரம் பேரைப் பார்க்கும் பாணியில் எழுதப்பட்டது. மணி 9:40. மேனேஜர் "வந்துட்டு தம்பி" என்றார்.

இன்னும் பெரிய சர்வர் வாங்கிப் போட்டால் தீராதா?

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒர்க்கரை 150-லிருந்து 600 ஆக்கினால் உங்களுக்கு மாத வாடகை கூடும். எதிரில் இருப்பவனுக்கு நொடிக்கு 15 வரி, 60 வரி ஆகும். அவனுக்கு அது ஒரு செலவே இல்லை. அளவை எத்தனை மடங்கு கூட்டினாலும் நீங்கள் பணத்தைக் கொட்டுவீர்கள், அவன் ஓர் எண்ணை மாற்றித் தட்டுவான். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், ஒருவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யாத மென்பொருளுக்கு எந்த இயந்திரமும் போதாது. பெரிய சர்வர் விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை. இப்போதுள்ள மென்பொருளில் நடக்குமா?

2023-ல் நடந்தது. அதுவும் இணையத்தின் ஜாம்பவான்களுக்கு.

ஹெச்டிடிபி/2 என்ற புது நெறிமுறையில் ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகளை அடுக்கி அனுப்பலாம். ஒரே சமயத்தில் நூறு கோரிக்கைதான் நிலுவையில் இருக்கலாம் என்பது போன்ற வரம்பும் உண்டு. சரிதானே, வரம்பு இருக்கிறதே என்று தோன்றும். ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நூறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி. ஒருவன் வருகிறான், டிக்கெட் கேட்கிறான், உள்ளே இருப்பவர் அச்சடிக்கத் தொடங்கும்போதே "வேண்டாம்" என்கிறான். வரிசையில் அவன் இல்லை. உடனே மறுபடி கேட்கிறான், மறுபடி வேண்டாம் என்கிறான். எண்ணிப் பார்த்தால் வரிசையில் எப்போதும் ஓர் ஆள்தான். ஆனால் உள்ளே டிக்கெட் கட்டு தீர்ந்துகொண்டிருக்கிறது, அச்சடிப்பவருக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ரேபிட் ரீசெட் என்று அழைக்கப்படும் ஓட்டை இதுதான்; ஓட்டைகளின் பொதுப் பதிவேட்டில் அதன் எண் சிவிஇ-2023-44487. கோரிக்கையை அனுப்பிய கையோடு ரத்து பாக்கெட்டையும் அனுப்பினால், வரம்புக் கணக்கில் அது வராது. ஆனால் பின்னால் வேலை தொடங்கியிருக்கும். 2023 அக்டோபர் 10 அன்று கூகுள், தளங்களுக்குக் காவல் சேவை விற்கும் கிளவுட்ஃபிளேர், அமேசான் மூன்றும் சேர்ந்து இதை வெளியில் சொன்னார்கள். கூகுள் பார்த்த உச்சம் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கை. கிளவுட்ஃபிளேர் பார்த்தது 20.1 கோடி, அதை அனுப்பியவை வெறும் 20,000 இயந்திரங்கள் என்றார்கள். எனக்கு அந்த 20,000 என்ற எண்தான் பயத்தைக் கொடுத்தது.

இதில் யாரும் நெறிமுறையை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். ரத்து செய்வது அனுமதிக்கப்பட்ட செயல். எத்தனை முறை ரத்து செய்யலாம் என்று எண்ண யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் சர்வர் பெரிய இடத்தில் இல்லை. எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?

லாட்ஜை யார் தாக்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. சும்மா பழகிப் பார்த்த பையனாகக்கூட இருக்கலாம். காரணம் வேண்டியதில்லை, கருவி கையில் கிடைத்தால் போதும்.

ஃபயர்வால் போட்டிருக்கிறோமே?

நல்லது. ஆனால் ஃபயர்வாலுக்கும் ஒரு நோட்டு உண்டு. யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு இணைப்பையும் அதில் எழுதி வைக்கும். லினக்ஸில் ஒரு முழுமையான டிசிபி இணைப்பு, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாலும், அந்த நோட்டில் இருக்கும் இயல்பான காலம் 4,32,000 நொடி. வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து நாள். திங்கட்கிழமை திறந்து அம்போவென்று விட்ட இணைப்பு சனிக்கிழமை வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நோட்டு நிரம்பியதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லாகில் "டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்று வரி வரியாக வரும். அப்போது நல்ல பாக்கெட்டும் குப்பைக்குப் போகும். காவலுக்கு வைத்தவனே வாசலை அடைத்த கதை. அந்த ஐந்து நாளை ஒரு மணி நேரமாகவாவது குறையுங்கள். பெரும்பாலான வலைத்தளங்களுக்கு அதுவே தாராளம்.

லாட்ஜில் வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது, ஆனால் விருந்தாளிகளுக்கு நெட் வரவில்லை. இதுவும் தாக்குதலா?

இந்தக் கேள்வியை நான் கன்னியாகுமரியில் மட்டும் ஐந்தாறு இடத்தில் சந்தித்துவிட்டேன். தாக்குதல் இல்லை, ஆனால் அதே நோய்.

ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. நூறு முகவரி, ஒரு நாள் குத்தகை என்று அமைத்திருப்பார்கள். நம் ஊருக்கு வருகிறவர்கள் சூரிய உதயம் பார்த்துவிட்டு பத்து மணிக்குக் காலி செய்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகும் முகவரி அவர்கள் பெயரிலேயே இருக்கும். மதியம் அடுத்த கூட்டம் வரும்; முப்பது அறை, அறைக்கு நாலு போன். நூறு எங்கே போதும்? லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் முடிந்தது. ரவுட்டரிடம் எதுவும் கிடைக்காமல் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. குத்தகையை இரண்டு மணி நேரமாக்கி, முகவரி எண்ணிக்கையைக் கூட்டினால் பிரச்சினை தீரும். செலவு பூஜ்யம்.

யாராவது வேண்டுமென்றே பொய்ப் பெயர்களில் நூறு முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியும். அப்போது நல்ல நெட்வொர்க் ஸ்விட்சில் இருக்கும், முகவரிக் குத்தகையைக் கண்காணிக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போன்ற வசதிதான் உதவும்.

டாஸ், டிடாஸ் என்ன வித்தியாசம்?

ஒரு இடத்திலிருந்து வந்தால் டாஸ். பல இடங்களிலிருந்து வந்தால் டிடாஸ்.

அந்தப் பல இடங்களில் உங்கள் கடையின் சிசிடிவியும் ஒன்றாக இருக்கலாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாதவற்றைத் தேடித் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபதுசொச்சம் பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல் மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின், தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவையை அது அடித்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. கேமரா மாட்டியவரிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். இப்போதே.

உண்மையான கூட்டமா, தாக்குதலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையான கூட்டம் வந்தால் சர்வர் வியர்க்கும். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் பாருங்கள்: சிபியு ஏறும், டேட்டா ஏறும், லாக் பக்கம் பக்கமாக ஓடும், பக்கத்தோடு படங்களும் எழுத்துருக்களும் கேட்கப்பட்டிருக்கும். இடத்தை அடைக்கும் தாக்குதலில் சர்வர் சும்மா இருந்துகொண்டே பதில் சொல்லாது. ரேபிட் ரீசெட் மாதிரி வந்தால் இந்த அடையாளம் பொய்க்கும். அதில் சிபியுவும் ஏறும். அப்போது ரத்தான கோரிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

"கிடைக்கும் தன்மை மட்டுமே பாதிப்பு" என்று ஓட்டை அறிவிப்பில் போட்டிருக்கிறது. அப்படியானால் அவசரமில்லை என்று விடலாமா?

ரேபிட் ரீசெட்டுக்கும் அப்படித்தான் போட்டிருந்தது, பத்துக்கு 7.5 மதிப்பெண். தகவல் கசியாது என்பதால் மதிப்பெண் வழக்கமாக அதற்கு மேல் ஏறாது. ஆனால் உங்கள் வியாபாரத்துக்கு எது முக்கியம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. லாட்ஜ்காரருக்கு சித்ரா பௌர்ணமி வாரத்தில் அது பத்துக்குப் பத்து; ஆடி மாதத்தில் வேண்டுமானால் மூன்று.

அப்டேட் வந்திருந்தால் போடுங்கள். போட முடியாத நிலை என்றால், அறிவிப்பிலேயே தற்காலிக மாற்று வழி இருக்கும். 2019 ஜூனில் லினக்ஸ் கர்னலில் சாக் பேனிக் என்ற ஓட்டை வந்தபோது, சாக் என்ற டிசிபி வசதியை அணைத்து வைத்து, பேட்ச் போடும் வரை நானும் சமாளித்திருக்கிறேன்.

இன்ஜினியரிங் படிக்கிறேன். நிரல் எழுதும்போது எங்கே பார்க்க வேண்டும்?

வெளியிலிருந்து வரும் எதற்காகவாவது இடம் ஒதுக்கும் ஒவ்வொரு வரியிலும் நின்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள், மக்கா. எவ்வளவு நேரம் வைத்திருப்பேன்? ஒருவனுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு? இவன் யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே ஒதுக்குகிறேனா?

மாணவர்கள் எழுதும் சாக்கெட் நிரல்களில் நான் பார்க்கும் பிழை எப்போதும் ஒன்றுதான். ஒரு இணைப்பு வந்தால் ஒரு த்ரெட் திறப்பார்கள், நேரவரம்பு வைக்காமல் படிக்க உட்காருவார்கள். லேபில் மூன்று பேர் சோதிக்கும்போது அழகாக ஓடும். இன்னொன்று, பிழை நேரும் வழியில் சாக்கெட்டை மூட மறப்பது. அதற்குத் தாக்குபவனே வேண்டாம். ஒரு வாரத்தில் தானாகவே 1,024-ஐத் தொட்டுவிடும்.

சோதித்துப் பார்க்கலாமா?

உங்கள் மேஜையில் உள்ள இயந்திரத்தில், வெளி நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு, தாராளமாக. வாடகை சர்வரில் என்றால் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதே இயந்திரத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தளமும் இருக்கும். அடுத்தவர் தளத்தில் "சும்மா பார்த்தேன்" என்பது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-வது பிரிவு, அனுமதி உள்ளவரை கணினியை அணுகவிடாமல் தடுப்பதைச் சொல்கிறது. தீய நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புகார் எங்கே?

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். நிறுவனங்கள் இந்திய செர்ட்-இன் அமைப்புக்கு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான். போகும்போது லாகை எடுத்துக்கொண்டு போங்கள். "ரீஸ்டார்ட் பண்ணினேன், எல்லாம் அழிந்துவிட்டது" என்று போய் நின்றால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

"பணம் அனுப்பு, இல்லையென்றால் தளத்தை விழவைப்பேன்" என்று மெயில் வந்தாலும் இதே வழிதான். பணம் அனுப்பாதீர்கள்.

நேரவரம்பு வைத்தால் நல்லவர்களும் வெட்டுப்படமாட்டார்களா?

படுவார்கள். எனக்கே நடந்தது.

லாட்ஜில் வரம்புகளைப் போட்ட மறுவாரம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். கோதையாறு பக்கம் சுற்றப் போயிருந்த ஒரு குடும்பம், அங்கிருந்தே அறை போட ஆதார் படத்தை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்திருக்கிறது. லாகைப் பார்த்தேன். ஒரே முகவரியிலிருந்து நாலு முறை 408. நேரம் கடந்துவிட்டது என்று சர்வர் சொல்லும் எண் அது. மலையில் சிக்னல் ஒரு புள்ளி இருந்தால் அதிசயம். நான் விதித்த குறைந்தபட்ச வேகத்துக்கு அவர்கள் போன் வரவில்லை. என் சர்வரின் கண்ணுக்கு அவர்களும் தேவாங்கும் ஒன்றுதான்.

தலைப்பு வரிகளுக்கான 20 நொடியை அப்படியே விட்டேன். அந்தச் சில நூறு பைட்டை எந்த மலையிலிருந்தும் அதற்குள் அனுப்பிவிடலாம். படம் ஏற்றும் பக்கத்துக்கு மட்டும் வேகத்தைத் தளர்த்தி, ஒரு முகவரிக்கு இரண்டு இணைப்புக்கு மேல் கிடையாது என்று மாற்றினேன். கூடவே, படத்தை போனிலேயே சுருக்கி அனுப்பும்படி பக்கத்தில் நாலு வரி நிரல் சேர்த்தேன். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். 4 எம்பி படம் 200 கேபி ஆனது. அன்று சாயங்காலம் அந்தக் குடும்பத்துக்கு அறை கிடைத்தது. கடல் பார்த்த அறை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது, பின்பக்க அறைதான் மிச்சம்.